ஒன்பதாம் எண் சட்டை

அழுக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். அந்த இல்லத்தின் அடித்தளத்தில், இரண்டு பெரிய சலவை இயந்திரங்களுக்கும் ஒரு இஸ்திரி மேசைக்கும் நடுவே நாலு வருடமாக நின்றவள். மேலே முப்பத்திரண்டு ஆண்கள் இருந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள், நரை விழுந்தவர்களும் உண்டு. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதும் நாலு பேரைப் போலப் பேசுவதும் பிறவியிலிருந்தே கைகூடாதவர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலோ, ஆள் இருந்தும் தெம்பில்லாமலோ இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அவர்களில் பாதிப் பேரின் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் எவர் இடது கையால் சாப்பிடுகிறார், எவர் பயந்தால் பொத்தானைத் திருகுகிறார், எவர் பேனா கிடைத்தால் விடமாட்டார் என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாம் துணி சொன்னது.

அவளை எல்லாரும் ‘லாண்டரி அக்கா’ என்றார்கள். சமையல்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவளும் சளைக்காமல் அவரை அண்ணே என்பாள்.

மேலே இருந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. இது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா இருந்தவரை மாதத்தின் முதல் ஞாயிறு வந்து அவனைப் பார்த்துப் போவாள். அம்மா கண்ணை மூடிய பிறகு, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த இவள் புருஷனையும் இழுத்துக்கொண்டு இந்த ஊருக்கே குடிவந்தாள். இல்லத்தில் யாருக்காக என்று சொல்லாமல் விசாரித்தால், உறவுக்காரர்களுக்கு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் என்றார்கள். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போக அவன் என்ன பல் வைத்தியரா? வாசலில் சலவைக்கு ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்ததைப் புருஷன் படித்துச் சொன்னார். கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: இங்கே இருப்பவர்களின் உறவினர்களுக்கு வேலை இல்லை. அதையும் அவர் படித்தார். "அதை நீங்க படிக்கல, நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேலை கேட்டாள். அவள் பிடிவாதத்தைப் பற்றிப் புருஷனுக்குத் தெரியும். பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

சலவை ஆட்கள் மேலே போகக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மாலை மூன்றரைக்கு, மடித்த துணியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூடத்தின் வாசல்வரை கொண்டுபோக வேண்டும். அந்த வாசலில் தம்பி நிற்பான். நாற்பத்திநாலு வயது. கழுத்தில்லாத மாதிரி குள்ளமாக, உருண்டையாக இருப்பான். வண்டிச் சத்தம் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தி, ஐந்து விரலையும் நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடிப்பான். "அக்கா!" என்று கத்துவான். அவளும் விரலை நெற்றியில் வைப்பாள். அவ்வளவுதான் சந்திப்பு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அவன் எல்லாருக்கும் சல்யூட் அடிப்பான், எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். அவனுக்கு இல்லத்தில் பெயரே ‘சல்யூட்டு’தான்.

அவன் சல்யூட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஆள் இருந்தால்தான் அடிப்பான். பராமரிப்பாளர்கள் விளையாட்டுக்கு ஒருமுறை காலி சக்கர நாற்காலி ஒன்றை அவன் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளியவனுக்கு ஒரு சல்யூட் கிடைத்தது. கையை எடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் உருட்டிவிட்டார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டான்.

அதெல்லாம் பழைய பராமரிப்பாளர்கள் இருந்த காலம். பிறகு இல்லம் ஒரு ஏஜென்சியிடம் ஆள் எடுக்க ஆரம்பித்தது. இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் வேறு எங்கோ. வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் முப்பத்திரண்டு முகத்தை மனசில் ஏற்றுவதற்குள் அவர்களை மாற்றிவிடுவார்கள். அதனால் மேலாளர் ஒரு பட்டியல் போட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு நேரே என்ன சாப்பாடு, என்ன மாத்திரை, எந்த நாற்காலி. பட்டியலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் திறந்து திருத்துவது. எண்ணைச் சட்டைக் கழுத்தின் உட்புறம், பிடரியில் படுகிற இடத்தில், அழியாத மையால் அச்சடித்தார்கள். பராமரிப்பாளர் பின்னால் வருவார், இரண்டு விரலால் கழுத்துப் பட்டையை விலக்குவார், எண்ணைப் பார்ப்பார், சாப்பாட்டைக் கொடுப்பார். சோதனைக்கு வந்த அதிகாரிகள் இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து சான்றிதழ் கொடுத்தார்கள். கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அதில் ஒரு வரி இருந்தது.

அமைதிதான். ஒரு வருடத்தில் அந்த ஆண்கள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பின்னால் காலடி கேட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்து பிடரியைக் காட்டுவார்கள். வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, காற்றில் நாணல் சாய்வது மாதிரி. அவளுக்கே அந்த நோய் தொற்றியது. ஒருநாள் வீட்டில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த புருஷனின் கழுத்துப் பட்டையைத் தன் விரல் விலக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள்.

"என்னடி, வெலை எழுதியிருக்கான்னு பாக்கறியா?" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் ஒன்பதாம் எண்காரர் இறந்துபோனார். அவரை ‘ஜன்னல்காரர்’ என்பார்கள். நெட்டையான, எலும்பும் தோலுமான மனிதர். வலிப்பு நோய்க்குக் காலையும் மாலையும் மாத்திரை. விழுங்க முடியாததால் எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுப்பார்கள். மேற்கு ஜன்னலோர நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். மாலை நாலு மணிக்கு வெளியே பேருந்து வந்து நிற்கும்போது, இரண்டு விரலால் ஜன்னல் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அந்தப் பேருந்தில்தான் ஒரு காலத்தில் அவருடைய அம்மா வருவாளாம். அவருடைய சட்டையை லாண்டரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: இடது கழுத்து முனை கடித்துக் கடித்து நைந்திருக்கும், வலது கைப்பகுதியில் சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருக்கும்.

இறந்தவரின் துணியை மூட்டை கட்டி ஓர் அறையில் போட வேண்டும் என்பது விதி. போட்டாள். ஆனால் மூன்று சட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். கருநீலம், மெத்தென்ற துணி, புதுசு. அவர் ஒருமுறைகூடப் போடாதவை, ஆனால் எண் மட்டும் குத்தியாகிவிட்டது. தம்பியின் சட்டைகள் முழங்கையில் பல்லிளித்தன. புதுச் சட்டை கேட்டு மூன்று முறை சொல்லிவிட்டாள்; அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். எண் இல்லாத சட்டை பொது மூட்டைக்குப் போய்விடும், அவனுக்குக் கிடைக்காது. இருக்கிற எண்ணோ அழியாது. சரி, செத்தவர் எண்ணை எவர் தேடப்போகிறார் என்று நினைத்தாள். கூடத்து வாசல் அலமாரியில், தம்பியின் பதினேழாம் எண் குழியில், அந்தச் சட்டைகளை வைத்தாள். மேலாக வைத்தாள். நல்லது மேலே இருக்கட்டும் என்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை பட்டப்பகலில், அழுக்குக் கூடையிலிருந்து ஒரு கருநீலச் சட்டையை உதறினாள். இடது கழுத்து முனை ஈரமாக இருந்தது. கடித்த ஈரம். பல் தடம்கூடத் தெரிந்தது. வலது கைப்பகுதியில் சுண்ணாம்பு.

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மார்பில், பொத்தானுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், மசித்த சாப்பாடு ஒழுகிக் காய்ந்த கறை. இதே இடத்தில் இதே கறையை எத்தனை வருடம் தேய்த்திருக்கிறாள்! தம்பி ஒழுகவிட மாட்டான். அவன் தட்டை வழித்து, விரலை நக்கி, பக்கத்துத் தட்டையும் பார்க்கிற ஜாதி.

துவைத்து, காயவைத்து, தேய்த்து அனுப்பினாள். வியாழக்கிழமை அது அதே கோலத்தில் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை துணி காயத் தாமதமாகி, நாலு மணிக்குத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை தூக்கக் கலக்கத்தோடாவது சல்யூட் அடித்த தம்பி இன்று வாசலில் இல்லை. சக்கரத்தை வேண்டுமென்றே கதவில் இடித்தாள். கூடத்தில் தலைகள் வரிசையாகக் குனிந்தன. மேற்கு ஜன்னலோர நாற்காலியில் ஒரு கருநீல முதுகு தெரிந்தது. அதுவும் குனிந்தது. அப்போது வெளியே பேருந்து வந்து நின்ற சத்தம். அந்த முதுகுக்கு அப்பால் ஒரு கை உயர்ந்தது.

டக், டக்.

துணியை எண்ணாமலே வைத்துவிட்டுக் கீழே ஓடிவந்துவிட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. செத்தவர் சட்டைக்குள் அவர் மிச்சமிருந்தால் என்ன செய்வது? நாம்தானே எடுத்துப் போட்டோம் என்று மனசு போட்டு அரித்தது. அந்த மூன்று சட்டையையும் எரித்துவிடலாம். ஆனால் அதற்குள் இருப்பவன்?

செவ்வாய்க்கிழமை காலை, சமையலறைத் துணிகளை எடுக்கப் போனவள், தட்டுகள் அடுக்கியிருந்த பலகையைப் பார்த்தாள். ஒன்பது என்று எழுதிய கிண்ணத்தில் மசித்த சாப்பாடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எழுத்து தெரியாதவள்தான். ஆனால் துணியில் பார்த்துப் பார்த்து எண் தெரியும்.

"அண்ணே, ஒம்பதுக்கு இன்னும் சாப்பாடு போகுதா?"

"பட்டியல்ல இருக்கே. போகாம?"

"அவரு செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "விளையாடாதீங்கக்கா. கிண்ணம் பல நாள் வழிச்சு நக்கிக் காலியா வருது. செத்தவன் இப்படிச் சாப்பிட்டா, உயிரோட இருக்கற நீங்கள்லாம் ஏன் என் சமையலைக் குறை சொல்றீங்க?"

"பதினேழு?"

"அதுதான் சல்யூட்டு. பாவம், முன்ன மாதிரி இல்ல. சில நாள் சாப்பிடறான், பல நாள் தட்டு தொடாமலே திரும்பி வருது. நான் கேட்டா, ஆளு தூங்கறாப்பலன்னு சொல்றாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரிஜிஸ்டர்ல பாத்தேன். பதினேழு சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு, தூங்கியாச்சுன்னு எல்லாத்துக்கும் டிக் இருக்கு. ஆளே உட்காராத நாற்காலிக்கு டிக்கு."

பேய்க்குப் பயந்தது ஒரு பயம். இது வேறு. மூன்று சட்டையையும் மேலாக வைத்தது எந்தக் கை? அவள் கை.

வண்டி இல்லாமல், கையில் ஒரு துண்டுகூட இல்லாமல், காலை வேளையில் படியேறினாள். நாலு வருடத்தில் முதல் தடவை. மேலே போவதை யாராவது பார்த்தால் வேலை போகும். வேலை போனால் செவ்வாயும் போச்சு, வெள்ளியும் போச்சு. ஒவ்வொரு படிக்கும் இதை நினைத்தாள். ஆனாலும் கால் நிற்கவில்லை.

கூடத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. இளவயதுப் பராமரிப்பாளர் ஒருவர் மாத்திரைத் தட்டோடு வரிசையின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். விரல் விலக்கும், தலை குனியும். விரல் விலக்கும், தலை குனியும். ஒரு சத்தமில்லை. ஜன்னலோர நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குட்டையான பிடரி. கழுத்தே இல்லாத மாதிரி.

"நில்லுப்பா" என்றாள். "அது ஒம்பது இல்ல."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சட்டையில ஒம்பதுன்னு இருக்கேக்கா."

"சட்டையை விடு. மூஞ்சியப் பாரு."

"எனக்கு யாரு மூஞ்சியும் தெரியாதுக்கா. வந்து ஆறு நாளுதான் ஆகுது." அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "தப்பா கொடுத்தா என் மேல வரும். பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படித்தான் கொடுக்கறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்தது. அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். தம்பியின் முகம் ஊதி, கண் பாதி மூடி, உதடு ஓரத்தில் எச்சில் நூல் தொங்க, இடது கழுத்து முனை வாய்க்குள் இருந்தது. வலிப்பே இல்லாதவனுக்கு எத்தனை வாரமாக வலிப்பு மாத்திரை! பல் உள்ளவனுக்கு மசித்த சாப்பாடு. கடிக்க எதுவும் தராவிட்டால் அவன் சட்டையைத்தான் கடிப்பான். சாய்ந்தால் சுவர்தான் ஒட்டும். எல்லாம் புரிந்தது. அந்த டக் டக் மட்டும் புரியவில்லை. அதற்கு இப்போது நேரமில்லை.

இடுப்பில் எப்போதும் தொங்கும் நூல் கத்தரிக்கோலை எடுத்தாள். பிடரியில் ஒரு விரலைக் கொடுத்து, கழுத்துப் பட்டையை எண்ணோடு சேர்த்து நறுக் நறுக்கென்று வெட்டி எடுத்தாள். அவன் அசையாமல் குனிந்தே இருந்தான். அதுதான் அவளை உடைத்தது. சின்ன வயதில் முடி வெட்ட உட்காரவைத்தால் தெருவையே கூட்டுகிறவன்.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். இஸ்திரி கலையாத புடவை, கழுத்தில் சாவிக்கொத்து.

"லாண்டரி, உனக்கு இங்க என்ன வேலை?"

"இது பதினேழு மேடம். ஒம்பதோட மாத்திரையக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க."

"அவனுக்கு ஒம்பதாம் நம்பர் சட்டை எப்படி வந்துது?"

"நான்தான் வச்சேன்."

"அப்ப தப்பு லாண்டரில."

"ஆமா, என் தப்புதான். இல்லேங்கல. ஆனா நான் சட்டையத்தான் மாத்தினேன். நீங்க ஆளையே மாத்திட்டீங்களே!"

மேலாளருக்கு முகம் சிவந்தது. "இதைக் கேக்க நீ யாரு?"

கேள்வி வந்துவிட்டது. நாலு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்ததைத் துப்பித்தான் ஆக வேண்டும்.

"அவன் அக்கா."

"எல்லாரும்தான் உன்னை அக்கான்னு கூப்பிடறாங்க."

"அவன் கூப்பிடறது வேற, மேடம்."

அவள் அதோடு விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பட்டியல் போட்டவங்க நீங்க. இந்த வரிசையில இருபத்திமூணு யாருன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மேலாளர் வரிசையைப் பார்த்தார். பதினாறு வருடம் அந்த இல்லத்தில் இருந்தவர். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வை போயிற்று. பிறகு, அவர் அறியாமலே, பக்கத்தில் இருந்தவரின் பிடரிக்கு அவருடைய இரண்டு விரலும் நீண்டன. அந்த மனிதர் தலையைக் குனிந்தார். மேலாளர் தன் கையைப் பார்த்தார். சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டது. மருத்துவர் வந்தார், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் முகப் படமும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. அவள் வேலையும் அன்றோடு போயிற்று. விதி விதிதான் என்றார் மேலாளர்; சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். உறவினர் படிவத்தில் தன் பெயர் ஏறி, கைநாட்டு வைக்கும்வரை அவள் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. புருஷன் வந்து வாசலில் பையோடு நின்றார்.

முதல் ஞாயிறு வரப் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று சொல்லி மாளாது.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூடத்துக்குள் போனாள். புதுச் சட்டை, வெள்ளையில் கோடு போட்டது, தம்பி போட்டிருந்தான். ஆனால் உட்கார்ந்திருந்தது அதே ஜன்னலோர நாற்காலியில். அவனுடைய இடம் வாசல் பக்கம் என்று பட்டியலில் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அவனாகவே போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறான் என்றார் ஒரு பராமரிப்பாளர். இவரும் புதியவர்.

பின்னால் போனாள். காலடி கேட்டு அவன் தலை குனிந்தது. அவள் விரல் தானாக நீண்டது. மடக்கிக்கொண்டாள். சுற்றிக்கொண்டு முன்னால் போய், ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடிக்கட்டும் என்று கொண்டுவந்த ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தாள். அவன் அதை வெகுநேரம் மென்றான். கண் அவளைத் தாண்டி வெளியே இருந்தது.

"டேய், என்னைப் பாருடா. கழுதை. எவ்வளவு நேரம் உட்கார வைப்பே?"

பார்க்கவில்லை. நாலு மணி ஆனது. பேருந்து வந்து நின்றது. அவன் கை மெதுவாக எழுந்தது, இரண்டு விரல் நீட்டியபடி. கண்ணாடியை மறைத்துக்கொண்டு அவள் முகம் இருந்தது. அவள் நகரவில்லை. நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். விரல்கள் அவள் நெற்றியில் வந்து பட்டன. டக், டக். கண்ணாடி மாதிரி சில்லிட்ட விரல்கள்.

அங்கேயே நின்றன. பிறகு நெற்றியைத் தடவின, அம்மாவைப் போலவே அவளுக்கும் இருந்த புருவ மச்சத்தைத் தடவின. மற்ற மூன்று விரலும் ஒவ்வொன்றாக விரிந்தன. கை திரும்பி அவனுடைய நெற்றிக்குப் போயிற்று.

"அக்கா" என்றான். கத்தவில்லை, ஆனால் சொன்னான்.

அவளும் விரலை நெற்றியில் வைத்தாள். கண்ணீரில் கண் தெரியவில்லை. அவன் எழுந்து, அவள் கையைப் பிடித்து, வாசல் பக்கம் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தான். நாலடி வைத்தவன் நின்றான். திரும்பினான். நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, முழுசாக ஒரு சல்யூட் அடித்தான்.

ஆள் இருந்தால்தான் அடிப்பான்.

அவளுக்குப் பிடரியில் மயிர் சிலிர்த்தது. ஆனாலும் ஓடவில்லை. மூன்று சட்டைக்குக் கடன்பட்டவள். தம்பிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, அந்த நாற்காலியை நேருக்கு நேர் பார்த்து, அவளும் ஒரு சல்யூட் வைத்தாள்.